தங்க ரேக் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? டெல்டா கலைஞர்களுக்கு நிராகரிப்பும் இணையமும்

கண்காட்சிக்கு அனுப்பிய படைப்பு தேர்வாகவில்லை என்று இரண்டு வரி மின்னஞ்சல் வருகிறது. காரணம் எதுவும் எழுதியிருப்பதில்லை. தஞ்சாவூரில் பலகைப் படம் எழுதுகிறவருக்கும், சுவாமிமலையில் வெண்கலச் சிலைக்கு மெழுகு பிடிக்கிறவருக்கும், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு நவீன ஓவியம் வரைகிறவருக்கும் வாசகம் ஒன்றுதான். காரணம் மூவருக்கும் வேறு வேறு. அது தெரியாததால் நல்ல கைகள் ஓய்ந்துபோகின்றன.

இந்தக் குழப்பத்தில் இரண்டு அறிவுரைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. "இனிமேல் கேலரியே வேண்டாம், செல்போன் போதும்" என்பது ஒன்று. "இணையத்தில் விற்பதெல்லாம் கலையே அல்ல" என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. இன்று பெரும்பாலான போட்டிக் கண்காட்சிகளில் விண்ணப்பம் இணையவழியாகத்தான் போகிறது. முதல் சுற்றில் நடுவர்கள் படைப்பைப் பார்ப்பதில்லை, படைப்பின் புகைப்படத்தைப் பார்க்கிறார்கள். கேலரிக்குப் போவதானாலும் நேராக விற்பதானாலும் வழி இணையத்துக்குள்தான் போகிறது. ஆகவே நிராகரிப்பைத் தாங்குவதும் இணையம் கற்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். எது நிராகரிக்கப்பட்டது, படைப்பா, படமா, விண்ணப்பமா என்று பிரித்தறியத் தெரிந்தவருக்கு அடியின் வேகம் பாதியாகக் குறையும்.

## நான்கு வாசல்கள், நான்கு கேள்விகள்

கலை உலகம் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே போக நான்கு தனித்தனி வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் கேள்வி வேறு.

1. போட்டிக் கண்காட்சி. நடுவண் அரசின் கலை நிறுவனமான லலித் கலா அகாதமியின் தேசியக் கண்காட்சி இந்த வகை. இங்கே கேள்வி: "இது இந்தக் கலைஞருக்கே உரிய பார்வையா?"
2. தனியார் கேலரி. கேள்வி: "எங்களிடம் வருகிற வாடிக்கையாளர் இதை வாங்குவாரா, அடுத்த ஆண்டும் இவர் இதே தரத்தில் படைப்பாரா?" விலையில் ஒரு பங்கை, பல இடங்களில் 30 முதல் 50 சதவீதம் வரை, கேலரி எடுத்துக்கொள்ளும்.
3. கைவினை விற்பனை. பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்களும் கைவினைக் கண்காட்சிகளும் இதில் அடங்கும். கேள்வி: "முறை சுத்தமாக இருக்கிறதா, இதே மாதிரி இன்னும் 20 கிடைக்குமா?"
4. நேரடி வாங்குபவர். பூஜையறைக்கு, புது வீட்டுக்கு, கல்யாணப் பரிசுக்கு வாங்குகிறவர். கேள்வி: "நம்பிப் பணம் அனுப்பலாமா, உடையாமல் வருமா?"

முதல் வாசலின் கேள்விக்கு மூன்றாம் வாசலுக்கான படைப்பை அனுப்பினால் நிராகரிப்பு நிச்சயம். வெண்ணெய் ஏந்திய நவநீதகிருஷ்ணனை எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தாலும், போட்டிக் கண்காட்சி நடுவர் அதைப் "பாரம்பரியப் பிரதி" என்று ஒதுக்குவார். அதே படம் நான்காம் வாசலில் அன்றைக்கே விற்கும். இதில் கை குறையவில்லை. வாசல் மாறிப் போயிருக்கிறது.

## கலை, கைவினை என்ற கோடு எங்கிருந்து வந்தது

இந்தக் கோடு தஞ்சாவூரில் பிறந்ததல்ல. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) அரண்மனைக்குப் படம் எழுதியவர்களை யாரும் "கைவினைஞர்", "கலைஞர்" என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. 1850-இல் பிரிட்டிஷ் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். அங்கே தொழிற்கலைப் பயிற்சி பெரிய இடம் பிடித்தது. இந்தியக் கைகளுக்குச் செய்திறன் உண்டு, "நுண்கலை" என்பது வேறு என்ற காலனிக் கால எண்ணம் பாடத்திட்டங்களில் ஊறியது. பிற்பாடு வந்த நிறுவனங்கள் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டன. இன்றைக்கும் விண்ணப்பப் படிவத்தில் "ஓவியம், சிற்பம், அச்சுக்கலை" என்று பிரிவுகள் இருக்கும். தலையாட்டி பொம்மைக்கும் நெட்டி வேலைக்கும் கருப்பூர் கலம்காரித் துணி ஓவியத்துக்கும் அங்கே கட்டம் இருக்காது.

இந்தக் கோடு எவ்வளவு நைந்தது என்பதற்கு ஓர் உண்மை போதும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் அமைந்தபோது, அங்கே குடியேறிய நவீன ஓவியர்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் சோறு சாப்பிட்டார்கள். அந்த வருமானத்தில் நின்றுகொண்டுதான் யாரும் கேட்காத ஓவியங்களை வரைந்தார்கள். பூஜையறைப் படம் விற்று வரும் பணத்தில் சொந்தப் பரிசோதனை செய்கிற தஞ்சாவூர் ஓவியர் அதே வழியில்தான் நடக்கிறார். அதில் தாழ்வு ஒன்றும் கிடையாது.

## நிராகரிப்பு எந்தக் கட்டத்தில் நடந்தது?

கடிதம் காரணம் சொல்லாது. ஆனால் எந்தக் கட்டத்தில் நின்றது என்பது பல நேரம் தெரியும். அதிலிருந்து காரணத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

1. படிவத்திலேயே நின்றது. கோப்பின் அளவு கூடிப்போயிருக்கும், படைத்த ஆண்டு விதிக்குள் வந்திருக்காது, அளவை அங்குலத்தில் கேட்ட இடத்தில் சென்டிமீட்டர் இருக்கும். இதை யாரும் பார்த்து நிராகரிக்கவில்லை. சரிபார்ப்பில் விழுந்திருக்கிறது.
2. படத்தைப் பார்க்கும் சுற்றில் நின்றது. புகைப்படம், பிரிவு, குறிப்பு, இந்த மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். நடுவர் ஒரு படத்துக்குச் சில நொடிகளே செலவிடுகிறார்.
3. படைப்பை நேரில் வரவழைத்த பிறகு நின்றது. இப்போது படைப்பையே பார்க்க வேண்டும். விளிம்பு முடித்த விதம், சட்டம், பலகையின் வளைவு, புகைப்படத்தில் தெரியாத வெடிப்பு.
4. கடைசிப் பட்டியலில் நின்றது. இது இடக்கணக்கு. எடுத்துக்காட்டாக, 1,000 விண்ணப்பம் வந்து 100 இடம் இருந்தால் 900 பேரை அனுப்பித்தான் ஆக வேண்டும். அந்த 900-இல் முதல் 50 பேருக்கும் இடம் கிடைத்தவர்களுக்கும் வித்தியாசம் மயிரிழைதான்.

ஒரே படைப்பை மூன்று வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பி, மூன்றிலும் இரண்டாம் கட்டத்திலேயே நின்றால் தூரிகையைக் குறை சொல்வதற்கு முன் புகைப்படத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றிலும் மூன்றாம் கட்டம் வரை போய் நின்றால் புகைப்படம் நன்றாக இருக்கிறது, செய்நேர்த்தியில் கோளாறு. இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு நோட்டு. தேதி, இடம், அனுப்பிய படைப்பு, எந்தப் படம், எந்தக் கட்டத்தில் நின்றது என ஐந்து பத்தி. அந்தந்த நாளே எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் வலி மட்டும்தான் நினைவிருக்கும்.

படைப்பில் உண்மையாகவே குறை இருப்பதும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. காலண்டர் படத்திலிருந்து எடுத்த முகம், எல்லாப் படத்திலும் ஒரே அளவில் அச்சடித்தாற்போல் வரும் கண், வேறொருவர் இன்ஸ்டாகிராமில் போட்டதை நிறம் மாற்றி எழுதியது. பயின்ற கண்ணுக்கு இவை உடனே பிடிபடும்.

## தங்க ரேக்கைப் படம் பிடிப்பது

டெல்டாக் கலைஞர்களின் விண்ணப்பங்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பலகையில் காடாத் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்த மக்கால் நகையையும் மண்டபத்தையும் புடைப்பாக எழுப்பி, அதன்மேல் 22 காரட் ரேக், அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டியிருக்கிறது. நேரில் தகதகவென்று இருக்கும் அந்தப் படம், செல்போனில் எடுத்தால் ஒன்று வெள்ளைத் தழும்பாகத் தெரியும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். காரணம் எளியது. ரேக் ஒரு கண்ணாடி. அதற்கென்று சொந்த வெளிச்சம் இல்லை. எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். ஃபிளாஷ் போட்டால் ஃபிளாஷைக் காட்டும், அது தழும்பு. இருட்டறையில் நின்று எடுத்தால் இருட்டறையைக் காட்டும், அது கறுப்பு. எடுப்பவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தால் திருவாசியின் நடுவில் ஒரு கறுப்பு நிழல் விழும். புடைப்பு வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு வளைவும் அறையின் ஒவ்வொரு மூலையைக் காட்டுகிறது. நேரில் பார்க்கும்போது தலை அசைகிறது, ஒளியும் அசைகிறது, அதனால் தங்கம் தங்கமாகத் தெரிகிறது. புகைப்படத்தில் தலை அசையாது.

ஆக, தங்கத்துக்கு எதிரே வெள்ளையை வைக்க வேண்டும். முறை இது:

1. கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டு எடுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை ஒழுங்காக எடுப்பது கடினம்.
2. இடம்: முற்றத்தின் நிழல், அல்லது நேர் வெயில் விழாத திண்ணை. காலை 8 முதல் 10 மணி வரை நல்லது. உள்ளே எரியும் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டு விதமான ஒளி கலந்தால் சிவப்பு ஒரு பக்கம் ஆரஞ்சாகவும் மறுபக்கம் அரக்காகவும் போகும்.
3. படத்தைச் சுவரில் நேராகச் சாய்வில்லாமல் மாட்டி, எதிரே ஆறேழு அடி தள்ளி இரண்டு வெள்ளை வேட்டிகளைக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியில் போனை நீட்டி எடுப்பது எளிது. இரு பக்கமும் வெள்ளைத் தெர்மாகோல் பலகை நிறுத்தினால் ரேக்கின் ஓரங்களும் ஒளி பெறும்.
4. எடுப்பவர் வெள்ளைச் சட்டை அணிவது நல்லது.
5. கிட்டே போய் எடுக்காமல், தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுக்க வேண்டும். கிட்டே போனால் பலகையின் நேர்க்கோடுகள் வளையும்.
6. போன் படத்துக்கு நேர் எதிரே இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய முகக்கண்ணாடி போதும். அதைப் படத்தின் நடுவில் தட்டையாக ஒட்டிப்பிடித்தால், கண்ணாடியின் நடுவில் போனின் லென்ஸ் தெரிய வேண்டும். பக்கவாட்டில் விலகித் தெரிந்தால் படம் கோணலாக வரும்.
7. திரையில் ரேக் இருக்கும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தை ஒரு நூல் குறைக்க வேண்டும். கூடுதல் வெளிச்சத்தில் முதலில் சாவது அடர்சிவப்பும் தங்கமும்தான். புடவை மடிப்புக் கோடுகள் சிவப்புக் கரைசலாகிவிடும்.
8. முதல் படத்தில் ஓரமாக ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து எடுத்துக்கொண்டால், பிறகு நிறத்தைத் திருத்த அது அளவுகோல். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் படம் முழுக்க அந்த நிறம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

இதற்குப் பிறகு இன்னொன்று எடுக்க வேண்டும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாழ்வாக வரும்படி, சன்னலுக்கு ஓரமாகப் படத்தை வைத்து, மக்கு வேலையை மட்டும் கிட்டே எடுப்பது. ஒவ்வொரு புடைப்பும் நிழல் போடும். கையால் எழுப்பியதா, அச்சில் ஒட்டியதா என்று பார்ப்பவருக்கு அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் புடைப்பில் ஜிகினாத் தாள் ஒட்டி விற்கும் போலிகளோடு போட்டிபோடுகிறவருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

வெண்கலத்துக்கும் இதே விதி, ஒரு மாற்றத்தோடு. பின்னணிக்கு வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறத் துணி வேண்டும். வெள்ளைக்கு முன்னால் போன் குழம்பிப்போய்ச் சிலையைக் கறுப்பாக்கிவிடும். முன்பக்கம், முக்கால் கோணத்தில் இரண்டு, பின்பக்கம், பீடத்தின் அடி என ஐந்து படம் குறைந்தபட்சம். பின்பக்கத்தின் சிகை வேலையும் தலைக்குப் பின்னுள்ள சிரச்சக்கரமும் உளி வேலையின் தரத்தைச் சொல்லும். சுவாமிமலை வார்ப்பில் உள்ளே நிறைந்த கன ஊற்றா, உள்ளே கூடா என்று வாங்குபவர் கேட்பார். எடையும் உயரமும் எழுதினால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

## கோப்பு, பெயர், அனுப்பும் வழி

12 மெகாபிக்சல் போன் தருவது ஏறக்குறைய 4000 × 3000 புள்ளிகள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 13.3 × 10 அங்குலம் வரை தெளிவாக அச்சாகும். கண்காட்சி மலருக்கு அது பெரும்பாலும் போதும். 15 × 12 அங்குலப் படத்தை முழு அளவில் அச்சிட 4500 × 3600 புள்ளிகள் தேவை. அதற்கு நல்ல கேமரா வேண்டும்.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அப்படிச் சுருங்கியதை மகன் போனுக்கு அனுப்பி, அங்கிருந்து மருமகள் படிவத்தில் ஏற்றினால், மூன்று கைமாறி வந்தது மங்கிய நிழல்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்ப வேண்டும். அப்போது மூலக் கோப்பு அப்படியே போகும்.

ஒவ்வொரு படைப்புக்கும் மூன்று கோப்புகள் வைத்திருப்பது போதும். மாற்றாத மூலம், விண்ணப்பத்துக்கு 2 எம்பிக்குக் குறைந்த ஜேபெக், இன்ஸ்டாகிராமுக்கு 1080 × 1350 புள்ளிகள். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைக்க வேண்டும். சில படிவங்கள் தமிழ்ப் பெயரையும் இடைவெளியையும் ஏற்காமல் பிழை காட்டும்.

## 150 சொல் குறிப்பு

படைப்பு பற்றிய குறிப்பில் விழுகிறவர்கள் பெரும்பாலும் நவீன ஓவியர்கள். "எனது படைப்புகள் பாரம்பரியத்துக்கும் நவீனத்துக்கும் இடையிலான பாலம், மனித உணர்வின் ஆழத்தைத் தேடும் பயணம்" என்று எழுதினால் அது எவருடைய ஓவியத்துக்கும் பொருந்தும். எவருக்கும் பொருந்துவதை நடுவர் படிப்பதில்லை.

இப்படி எழுதினால் வேறு: "கல்லணைக்குக் கீழே வெண்ணாற்றில் மணல் எடுத்த குழிகளை மக்கால் எழுப்பியிருக்கிறேன். சாமி நகைக்குப் போடும் அதே புடைப்பு இங்கே குழியின் விளிம்பு. தண்ணீர் நிற்கும் இடத்தில் மட்டும் ரேக்." மூன்று வாக்கியத்தில் இடம், பொருள், முறை, காரணம் நான்கும் வந்துவிட்டன. முதலில் தமிழில், வீட்டில் சொல்கிற மாதிரி எழுதி முடித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் வழி. மொழிபெயர்ப்புச் செயலி "ரேக்", "மக்கு" போன்ற சொற்களில் தடுமாறும். அந்தச் சொற்களை அப்படியே விட்டு, பக்கத்தில் பொருள் எழுதச் சொல்ல வேண்டும்.

## விலையும் விற்பனையும்

விலையில் அடிக்கடி நடக்கும் தவறை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். 15 × 12 அங்குலப் படத்துக்குப் பொருள் செலவு 3,500, எட்டு நாள் கூலி 7,200, சட்டம் 1,500, பொதிவு 800 என்று வைத்துக்கொண்டால் அடக்கம் 13,000 ரூபாய். கேலரி 40 சதவீதம் எடுக்கும் என்றால் பலர் 13,000-உடன் 40 சதவீதம் கூட்டி 18,200 என்று விலை வைக்கிறார்கள். விற்றதும் கேலரி 18,200-இல் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது 10,920. நட்டம் 2,080. சரியான கணக்கு 13,000-ஐ 0.6-ஆல் வகுப்பது, அதாவது ஏறக்குறைய 21,700.

அந்தப் படத்தையே இன்ஸ்டாகிராமில் 13,000-க்கு விற்பது அடுத்த தவறு. கேலரிக்குத் தெரிந்த நாளில் உறவு முடிந்தது. எல்லா இடத்திலும் ஒரே விலை வைக்க வேண்டும். நேரடி விற்பனையில் மிஞ்சும் பணம் படம் எடுக்கவும், பதில் சொல்லவும், பொதியவும் ஆன நேரத்துக்குக் கூலி.

எந்தச் செயலி என்ற கேள்வி பெரிதல்ல. வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் வைக்கலாம், அது இலவசம். கூகுள் வரைபடத்தில் பட்டறையைப் பதிந்துவைத்தால் பெரிய கோயிலுக்கு வருகிறவர் கண்ணில் படும், அதுவும் இலவசம். இன்ஸ்டாகிராம் முகம் காட்ட உதவும். இந்த மூன்றையும் ஒழுங்காக வைத்த பிறகு சொந்த இணையதளம் பற்றி யோசிக்கலாம்.

வரி பற்றிப் பயம் நிறைய இருக்கிறது. வெளிமாநிலத்துக்கு விற்றாலே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பது பொது விதி. ஆனால் பட்டியலிடப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் கையால் வரைந்த ஓவியங்களுக்குக் கீழே தஞ்சாவூர் ஓவியம் பெயர் சொல்லியே இருக்கிறது. நிபந்தனைகள்: பான் எண் வேண்டும், சரக்கு போகும்போது இ-வே பில் (இணையத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்பதற்கு விதி வேறு. பதிவு வரம்புக்குள் இருப்பவர்கள் 2023 அக்டோபர் 1 முதல் முழுப் பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்கை எண் மட்டும் வாங்கி அந்தத் தளங்களில் மாநிலத்துக்குள் விற்கலாம்.

## பொதிவில் நடக்கும் விபத்துகள்

- கண்ணாடியோடு அனுப்பினால், உடைந்த சில்லு ரேக்கைக் கீறும். கீறிய ரேக்கை ஒட்டுப்போட்டால் தெரியும். தொலைவுக்கு அக்ரிலிக் தகடு போட வேண்டும், இல்லையேல் சட்டமில்லாமல் அனுப்ப வேண்டும்.
- பபுள் தாளை நேராகப் படத்தின்மேல் சுற்றினால் வெயிலில் நிற்கும் லாரிக்குள் வட்ட வட்டமாகத் தடம் பதியும். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் அட்டை, பிறகுதான் பபுள்.
- சுற்றிலும் இரண்டு அங்குலத் தெர்மாகோல், வெளியே ஒட்டுப்பலகைப் பெட்டி. மூலைகளுக்குத் தனி அட்டைக் காப்பு.
- மக்கு முழுக்கக் காயாமல் அனுப்பிய படம் வறண்ட ஊரில் போய் வெடிக்கும். வாங்கியவர் "பழுது" என்பார். உண்மையில் அது அவசரம்.

வெளிநாட்டுக்குப் போகும் வெண்கலத்துக்கு ஒரு தாள் கூடுதலாக வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. சோழர் பாணியில் புதிதாக வார்த்ததும் சுங்கத்தில் பழையதாகத் தோன்றும். ஆகவே தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். மெழுகு நிலையிலிருந்து வார்ப்பு வரை தேதியோடு எடுத்த படங்கள் அப்போது கைகொடுக்கும்.

## புவிசார் குறியீடு என்ன செய்யும், என்ன செய்யாது

தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலை, சுவாமிமலை வெண்கலம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் என்று டெல்டாவில் வரிசையாகக் குறியீடு இருக்கிறது. ஊருக்குக் குறியீடு கிடைத்ததால் எல்லோரும் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இதற்கான கட்டணம் 2020 திருத்தத்தில் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைந்தது.

குறியீடு ஊரையும் முறையையும் காக்கும். தனி ஓவியரின் கற்பனையைக் காக்காது. அது பதிப்புரிமையின் வேலை. புதிதாக ஒரு வடிவம் கண்டவர் அதை முதலில் எடுத்த படத்தின் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால், நாளை யாராவது நகலெடுக்கும்போது தேதி காட்ட முடியும்.

## ஏமாற்று வாசல்கள்

நிராகரிப்பில் மனம் வாடியிருக்கும் நேரம் பார்த்துத்தான் இவை வரும்.

1. "வெளிநாட்டுக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், சுவர்க் கட்டணம் மட்டும் கட்டுங்கள்." விண்ணப்பிக்காத இடத்திலிருந்து தேர்வு வராது. சிறு நுழைவுக் கட்டணம் வேறு. தேர்வான பிறகு பெருந்தொகை கேட்பது இடம் விற்கும் வியாபாரம்.
2. "ராணுவத்தில் இருக்கிறேன், ஐந்து படம் வேண்டும், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் வரும்." பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின் எண்ணும் வேண்டாம். பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகிறது.
3. "மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு, விலையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்புகிறேன், மீதியை லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்." காசோலை சில நாளில் திரும்பும். அனுப்பிய மீதி திரும்பாது.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை முடக்க வாய்ப்பு.

## அடி விழுந்த நாளில்

டெல்டாவில் வீடும் பட்டறையும் பெரும்பாலும் ஒன்று. முடிவு வந்த செய்தி சமையலறைக்கும் தெரியும், எதிர்வீட்டுக்கும் தெரியும். "என்ன ஆச்சு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே கலைஞர் களைத்துப்போகிறார். முடிவுத் தேதியை எல்லோரிடமும் சொல்லிவைக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

அடுத்தது, முடிவு வரும் முன்பே அடுத்த வாசலைத் தீர்மானித்து நோட்டில் எழுதிவிடுவது. மனம் தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவு, கலங்கிய நாளில் கையைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குப் பதில் மின்னஞ்சல் எழுத வேண்டாம், நடுவரைத் திட்டிப் பதிவும் போட வேண்டாம். மறுநாள் இரண்டு வரியில் நன்றி சொல்லி, கருத்து கிடைக்குமா என்று கேட்கலாம். பெரும்பாலும் பதில் வராது. வந்தால் அது பொன்.

இணையம் தானாகவே ஒரு புது நிராகரிப்பைக் கொண்டுவருகிறது. படம் போட்டு 11 பேர் மட்டும் லைக் போட்டால், யாருக்கும் பிடிக்கவில்லை என்று தோன்றும். பலருக்கு அந்தப் படம் கண்ணில் படவே இல்லை என்பதுதான் நிலை. யாருக்குக் காட்டுவது என்று செயலி முடிவு செய்கிறது. லைக்கை விட்டுவிட்டு, விலை கேட்டவர் எத்தனை பேர், முகவரி கேட்டவர் எத்தனை பேர், சேமித்து வைத்தவர் எத்தனை பேர் என்று மாதம் ஒருமுறை எண்ணினால் போதும்.

நான்கைந்து கலைஞர்கள் மாதம் ஒரு மாலை ஒருவர் பட்டறையில் கூடி, ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் படித்துப் பார்ப்பது பெரிய பலம். சிற்பி ஓவியரின் புகைப்படத்தைப் பார்த்தால் ஓவியருக்குத் தெரியாதது தெரியும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் வேலையில் கை வைக்க முடியாமல் போனால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். அரசின் மனநல உதவியான டெலி மானஸ் 14416 இலவச எண், இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

## மழை மாதங்களின் வேலை

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மக்கு காயாது. காற்றில் ஈரம் ஏறி, ஒரு பூச்சு காய இரண்டு மூன்று நாள் இழுக்கும். வழக்கமாக வீணாகும் இந்த நாட்களில் இணைய வேலையை முடித்துவிடலாம். மழை விட்ட நாளில் வானம் மேகம் போர்த்தியிருக்கும். நிழலே விழாத அந்த மென்வெளிச்சம் ரேக்கைப் படம் பிடிக்க ஆண்டிலேயே நல்ல வெளிச்சம்.

முதல் வாரம் பழைய படைப்புகளை எடுத்துத் துடைத்து, அளந்து, எண் போடுவது. இரண்டாம் வாரம் வேட்டிகளைக் கொடியில் தொங்கவிட்டுப் படம் பிடிப்பது. மூன்றாம் வாரம் கோப்புகளைப் பெயரிட்டு, போனிலும் இணையச் சேமிப்பிலும் ஒரு பென்டிரைவிலும் வைப்பது. நான்காம் வாரம் குறிப்பு எழுதி, அடுத்த ஆண்டுக்கான மூன்று வாசல்களையும் அவற்றின் கடைசித் தேதிகளையும் நோட்டில் ஏற்றுவது. தை பிறந்து மக்கு மறுபடி காயத் தொடங்கும்போது கை பலகைக்குத் திரும்பலாம். அறிவிப்பு வரும் நாளில் விண்ணப்பத்துக்கு ஒரு மாலை போதும்.